மேசைக்கு முன்னால் ஒரே ஒரு நாற்காலி

போன மாதம் தமிழரசி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற அலுவலகத்தில் என் இடத்துக்கு வந்தவள். நல்ல பெண்தான், ஆனால் அங்கே ஃபேன் ஓடவில்லை என்றாலும் எனக்குத்தான் போன் செய்வாள்.

"மேடம், ஆபீசுக்குப் புது ஃபர்னிச்சர் வந்திருக்குது. மூணு பேர் உக்கார்ற ஸ்டீல் சேரு. சார் டேபிள் முன்னாடி போடலாம்னா பழைய ஸ்டாஃப் எல்லாம் கூடாது, கூடாதுன்றாங்க. முன்னாடி ஒரே ஒரு சேருதான் இருக்கணுமாம். ஏன்னு கேட்டா, அது அப்படித்தான்றாங்க. புது ஆபீசரு, இன்னா வாஸ்துவான்னு கேட்டுச் சிரிக்கிறாரு மேடம்."

வாஸ்துவாம்! எனக்கு வந்ததே ஒரு கோபம். "அந்தச் சேரைத் தொட்டீங்கன்னா நான் திண்டிவனத்துலேர்ந்து பஸ் ஏறி வந்துடுவேன்" என்றேன். அவள் பயந்துபோய், "ஏன்னு சொன்னீங்கன்னா நான் சார்கிட்ட சொல்லிடறேன் மேடம்" என்றாள். போனில் சொல்லி முடிகிற கதையா அது? எழுதித் தருகிறேன் என்று வைத்துவிட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். புது ஆபீசரும் படிக்கட்டும்.

என் பெயர் ஞானசௌந்தரி. சிறு வயதிலேயே போலியோ வந்து இடது கால் போய்விட்டது. காலுக்கு முட்டுக் கொடுக்கிற காலிப்பர் என்ற இரும்புச் சட்டத்தை மாட்டிக்கொண்டு நடப்பேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கியும் என்னைப் படிக்க வைத்தார்கள். பள்ளிக்கூடம், டைப்ரைட்டிங், அரசுத் தேர்வு எல்லாவற்றையும் இந்த ஒரு வரியில் முடித்துக்கொள்கிறேன். கஷ்டப்பட்டுப் படித்த கதையை எல்லோரும்தான் சொல்கிறார்கள்.

வேலையில் சேர்ந்த முதல் நாளை மட்டும் சொல்ல வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு அப்பா கூட வந்தார். நியமன உத்தரவு என் கையில் இருந்தது. அங்கிருந்த தலைமை எழுத்தர் அதை வாங்கிப் படித்துவிட்டு, என் தலைக்கு மேலாக அப்பாவைப் பார்த்து, "பொண்ணுக்கு எழுத கிழுத வருமா?" என்று கேட்டார். தேர்வு எழுதித்தானே ஐயா வந்திருக்கிறேன்! அப்பா கைகட்டி, "வருங்க, நல்லா எழுதுங்க" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "சார், எனக்குக் கால்லதான் போலியோ, வாயில இல்ல. என்னையே கேளுங்க" என்றேன். அப்பா பின்னாலிருந்து என் முழங்கையைக் கிள்ளினார். அன்றைக்கு எனக்கு வாய்க்காரி என்று பெயர் வைத்தார்கள். ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் அந்தப் பெயருக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

அதற்கப்புறம் இரண்டு மூன்று துறைகளில் மாறி மாறி இருந்துவிட்டு, விழுப்புரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான அலுவலகத்துக்கு வந்தேன். தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ். திங்கட்கிழமை மனு நாள் என்றால் வாசலில் கால் வைக்க இடமிருக்காது. மூன்று சக்கர வண்டி, ஊன்றுகோல், வெள்ளைக் கோல், இடுப்பில் தூக்கி வந்த பிள்ளை என்று எல்லாம் இருக்கும். எல்லோருடனும் ஒரு ஆள் கூட வந்திருப்பார், அண்ணனோ மாமனோ ஊர்ப் பெரிய மனிதரோ. உள்ளே போனதும் கூட வந்தவர்தான் பேசுவார். அலுவலரும் அவரைப் பார்த்துத்தான் கேட்பார். மனு யாருடையதோ அவர் சுவரையோ தன் கையையோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு வயிறு எரியும். ஆனால் வெறும் உதவியாளரான என்னால் என்னத்தைச் செய்ய முடியும்?

அப்போதுதான் தணிகாசலம் சார் அலுவலராக மாற்றலாகி வந்தார். பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை. ஒல்லியான உருவம், அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் மூடி போட்ட ஒரு மைப் பேனா. குரலை உயர்த்த மாட்டார், யாரையும் பாராட்டவும் மாட்டார். வந்த தபால் உறைகளைப் பிரித்துத் திருப்பி ஒட்டி மறுபடி பயன்படுத்தச் சொல்லி எங்கள் உயிரை எடுப்பார். மேசையில் டீ தம்ளரை வைத்தால் முகம் அஷ்டகோணலாகும். முதல் வாரம் அவரைப் பற்றி நாங்கள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

இரண்டாவது வாரம், மேசைக்கு முன்னால் இருந்த மூன்று நாற்காலிகளில் இரண்டை எடுத்துச் சுவரோரம் போடச் சொன்னார். "மனு யாரைப் பத்தினதோ அவங்க முன்னாடி உக்காரட்டும். கூட வந்தவங்க பின்னாடி உக்காரட்டும்" என்றார். அவ்வளவுதான் விளக்கம். வீல் சேரில் ஒருவர் வந்தால் அந்த ஒரு நாற்காலியையும் எடுத்துவிட வேண்டும். காது கேளாதவர் வந்தால் சைகை மொழி தெரிந்தவர் சாருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் வந்தவர் சாரையும் கைகளையும் சேர்த்துப் பார்க்க முடியும்.

அவர் மனு கேட்கிற விதமே தனி. முதலில் பேனாவின் மூடியை இறுக மூடி, மனுவின் மேல் குறுக்காக வைத்துவிடுவார். எதிரில் இருப்பவரைப் பார்த்து, "வணக்கங்க. என்ன விஷயமா வந்தீங்க, சொல்லுங்க" என்பார். அப்புறம் காத்திருப்பார். சுவரோரத்திலிருந்து மாமன் பதில் சொன்னால் மரியாதையாகத் தலையாட்டுவார், ஆனால் பேனா திறக்காது. எதிரில் இருப்பவர் வாய் திறந்தாலோ கையசைத்தாலோதான் மூடி கழலும். அவர் சொன்னதை எழுதி முடித்த பிறகு, "உங்க மாமாவும் ஏதோ சொல்லணும்ன்றாரு, கேக்கலாங்களா?" என்று அவரிடமே அனுமதி வாங்கிக்கொண்டு மாமனைக் கேட்பார்.

ஒரு திங்கட்கிழமை வரிசை நீண்டு கொண்டே போனது. நான் உள்ளே போய், "சார், வெளிய கூட்டம் பேஜாரா இருக்குது. கூட வந்தவங்களைக் கேட்டா ஜல்தியா முடிஞ்சிடும்" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பதில் இவங்ககிட்ட இருக்குதும்மா. வேற ஆள்கிட்ட கேட்டா எப்படிக் கெடைக்கும்?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். நான் வாயை மூடுவது அவ்வளவு சாதாரணமாக நடக்கிற காரியம் இல்லை.

திருவெண்ணெய்நல்லூர் பக்கத்திலிருந்து ஒரு பெரிய மனிதர், பார்வையில்லாத ஒரு வாலிபரைக் கூட்டி வந்தார். வெள்ளை வேட்டி, பின்னால் போட்டோ எடுக்க ஒரு ஆள் வேறு. நேராக வந்து முன் நாற்காலியில் உட்காரப் போனார். நான் குறுக்கே போய், "ஐயா, உங்களுக்கு அங்க ஃபேனுக்குக் கீழ போட்டிருக்குதுங்க" என்று சுவரோரம் காட்டினேன். அவர் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும். ஆனாலும் போய் உட்கார்ந்தார். அங்கிருந்தே, "நம்ம ஊரு பையன் சார், பாவம். ஒரு கைத்தடி குடுத்தீங்கன்னா புண்ணியமா போவும்" என்றார். பேனா மூடியபடியே இருந்தது.

வாலிபர் மேசைப் பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னார். "சார், கைத்தடி வேணாம் சார். வர்றவங்க எல்லாம் கைத்தடியே குடுக்குறாங்க. வூட்டுல மூலைக்கு ஒண்ணு சாத்தி வெச்சிருக்கறேன். எனக்குக் கம்ப்யூட்டரு படிச்சுக் காட்டுமே, அந்தப் பயிற்சியில சேரணும். அதான் மூணு தடவ எழுதிப் போட்டேன்." சார் மூடியைக் கழற்றினார். போட்டோ எடுக்க வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அந்த வாலிபர் இப்போது ஒரு வங்கியில் வேலை பார்க்கிறார். என்னைப் பார்த்தால், இல்லை, என் காலிப்பர் சத்தத்தைக் கேட்டால், "வாங்க வாய்க்காரம்மா" என்பார்.

இதெல்லாம் சின்ன விஷயம். அந்த ஒரு நாற்காலிக்கு என்ன விலை என்று எனக்குப் புரிந்தது மலர்க்கொடியின் விஷயத்தில்தான்.

கண்டமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் இருந்தவர் மலர்க்கொடி. முப்பதைத் தாண்டிய வயது. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். கைகால்கள் சொன்ன பேச்சைக் கேட்காது, பேச்சு இழுத்து இழுத்து வரும். புத்தியில் ஒரு குறையும் இல்லை. அம்மா இருந்தவரை அம்மா பார்த்துக்கொண்டார். அம்மா போன பிறகு அண்ணன் குமரேசன் ஒரு மனு போட்டார். தங்கைக்குத் தன்னைச் சட்டப்படி பாதுகாவலராக நியமிக்க வேண்டும் என்று.

இந்தப் பாதுகாவலர் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு போன்றவை உள்ளவர்களில் சிலருக்குப் பெரியவர்களான பிறகும் ஒரு துணை சட்டப்படி தேவைப்படும். அதை முடிவு செய்ய மாவட்டத்தில் கலெக்டர் தலைமையில் ஒரு குழு உண்டு. உறுப்பினர்களில் ஒருவர் மாற்றுத்திறனாளியாகவே இருப்பார். எத்தனையோ தாய் தகப்பனுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் தேவைப்படாத ஒருவர் மேல் அந்த உத்தரவு விழுந்துவிட்டால், அதற்கப்புறம் அவர் எங்கே இருப்பது, எதற்குச் சம்மதிப்பது எல்லாவற்றையும் இன்னொருவர்தான் சொல்வார்.

விண்ணப்பம் வந்தால் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும். நானும் சாரும் ஜீப்பில் போனோம். கிராம நிர்வாக அலுவலரும் வந்தார். வீட்டு வாசலில், சக்கரம் வைத்த ஒரு பலகையில் மலர்க்கொடி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் கோழிகள். மடியில் கேப்பையை வைத்துக்கொண்டு புறங்கையால் தட்டித் தட்டி இறைத்துக்கொண்டிருந்தார். கை எங்கேயோ போனது, ஆனால் தானியம் சரியாகக் கோழிகளுக்கு நடுவில் விழுந்தது.

குமரேசன் கெட்டவர் இல்லை. அதை நான் இன்றைக்கும் சொல்வேன். பாண்டியில் ஒரு கம்பெனியில் வேலை. இரண்டு பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பத்தோடு அங்கேயே போகப் போகிறார். "அங்க மாடி வூடு சார், இத்த தூக்கிக்கினு ஏற முடியாது. இங்க தனியா வுட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வருமா? ஒரு ஹோம் பாத்து வெச்சிருக்கறேன். நல்ல எடம். கார்டியன் ஆர்டர் இருந்தாத்தான் சேத்துக்குவாங்களாம்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அதுக்கு ஒண்ணும் தெரியாது சார். கொழந்த மாதிரி" என்றார்.

சார் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு, மலர்க்கொடியின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தார். பேனாவை மூடினார். "வணக்கங்க. உங்க அண்ணன் இந்த மாதிரி மனு குடுத்திருக்காரு. நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

மலர்க்கொடி "எனக்கு" என்று ஆரம்பித்தார். அந்த ஒரு சொல் வருவதற்குள் கழுத்து ஒரு பக்கம் போய் வந்தது, முகமெல்லாம் இறுகியது. அடுத்த சொல் வருவதற்குள் கிராம நிர்வாக அலுவலர் பதறிப்போய், "சம்மதமாம் சார்" என்றார். மலர்க்கொடி நிறுத்தினார். அவரை ஒரு முறை பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து, "எனக்கு" என்று ஆரம்பித்தார். இந்த முறை அண்ணன் உள்ளே புகுந்தார். மறுபடியும் முதலிலிருந்து.

அதுதான் அவருடைய பழக்கம். நடுவில் யாராவது அவருடைய வாக்கியத்தை முடித்து வைத்தால், விட்ட இடத்திலிருந்து தொடர மாட்டார். முதல் சொல்லிலிருந்துதான். மற்றவர்கள் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு அவரை ஆரம்பத்துக்கே விரட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களோ, ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறாள், புத்தி சரியில்லை என்று முடிவு கட்டியிருந்தார்கள். அடக் கடவுளே, வாயை மூடிக்கொண்டிருந்தால் தெரிந்திருக்குமே!

சார் கிராம நிர்வாக அலுவலரை ஜீப்பிலிருந்து தண்ணீர் எடுத்து வர அனுப்பினார். அண்ணனை, "நீங்க கொஞ்சம் உள்ள இருங்க" என்றார். பிறகு வாக்கியம் முழுதாக வந்தது. எழுதினால் ஒரு வரிதான். "எனக்கு இந்த வூட்லயே இருக்கணும் சார். அஞ்சல அக்கா சோறு ஆக்கிக் குடுக்கும். கோழி இருக்குது." அஞ்சலை பக்கத்து வீட்டுக்காரர். மல்லாட்டைக் கொல்லையிலிருந்து நேராக வந்து வேலியோரம் நின்றிருந்தார். "நான் பாத்துக்கறேன் சார், நாலு வருஷமா நான்தான குளிப்பாட்டி வுடறேன்" என்றார்.

சார் தன் அறிக்கையில் மலர்க்கொடி சொன்னதை அப்படியே எழுதினார். ஆனால் முடிவு அறிக்கையில் இல்லை. குழுவின் முன்னால் அவரே வந்து சொல்ல வேண்டும். டாக்டரும் இருப்பார். அங்கே பேச்சு வராமல் போனால் உத்தரவு அண்ணன் கைக்குப் போகும், மலர்க்கொடி ஹோமுக்குப் போவார், கோழிகளை யாராவது பிடித்துக் குழம்பு வைப்பார்கள். விசாரணை நாளுக்கு முந்தின வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

விசாரணை கலெக்டர் அலுவலகக் கூட்ட அறையில். ஏற்பாடு என் பொறுப்பு. நீள மேசை, ஒரு பக்கம் குழு. எதிர்ப்பக்கம் மூன்று மெத்தை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நான் மூன்றையும் இழுத்துச் சுவரோரம் தள்ளினேன். கலெக்டரின் சேவகரான தபேதார் ஓடி வந்தார்.

"இன்னா மேடம் பண்றீங்க? பெட்டிஷன் குடுத்தவரு அந்த அண்ணன்காரருதான? அவரு முன்னாடி உக்கார வாணாமா?"

விதிப்படி அவர் சொன்னது சரிதான். மனுதாரர் குமரேசன்தான். ஆனால் நான் விடுவேனா? "யாரோட வாழ்க்கையைப் பத்திப் பேசப்போறாங்களோ அவங்கதாங்க முன்னாடி" என்றேன்.

"கலெக்டரம்மா கேட்டா?"

"கேட்டா, அந்த வாய்க்காரி பண்ணினான்னு சொல்லுங்க."

மலர்க்கொடியை வீல் சேரில் வைத்து அந்த இடத்துக்குத் தள்ளி வந்தேன். எதிரில் நேராகக் கலெக்டர். இளம் வயதுப் பெண்மணி, முகத்தில் களைப்பு. அன்றைக்கு அவருக்கு இன்னும் எத்தனையோ கூட்டங்கள். குமரேசனைச் சுவரோரம் உட்கார வைத்தேன். சார் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தார். அஞ்சலை வெளியே வராந்தாவில்.

டாக்டர் நல்ல மனிதர்தான், ஆனால் அவசரம். மலர்க்கொடியின் தலைக்கு மேலாக அண்ணனை எட்டிப் பார்த்து, "சாப்பாடு தானா சாப்பிடுவாங்களா? கிழமை எல்லாம் தெரியுமா?" என்று கேட்டார். குமரேசன் எழுந்து பதில் சொன்னார். பிறகு டாக்டர் தன் பேனாவை மலர்க்கொடியின் முகத்துக்கு முன்னால் நீட்டி, சத்தமாக, "இது என்னம்மா? இது என்னா?" என்றார். மூன்று வயதுக் குழந்தையிடம் கேட்கிற மாதிரி.

மலர்க்கொடி பதில் சொல்லவில்லை. பேனாவைப் பார்க்கவும் இல்லை. ஜன்னலைப் பார்த்தார்.

"ரெஸ்பான்ஸ் இல்லைங்க மேடம்" என்று டாக்டர் கலெக்டரிடம் மெதுவாகச் சொன்னார். முப்பது வயதுப் பெண்ணிடம் பேனாவைக் காட்டி இது என்ன என்றால் யாருக்குத்தான் வாய் வரும்? என்னிடம் கேட்டிருந்தால் நான் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் அந்த அறையில் பேச எனக்கு இடமில்லை. சாரைப் பார்த்தேன். அவர் அசையவில்லை.

கலெக்டர் பேப்பரைப் புரட்டினார். அப்போது மலர்க்கொடி வாயைத் திறந்தார்.

"எனக்கு..."

"தண்ணி வேணுமா?" என்றார் ஒரு உறுப்பினர்.

மலர்க்கொடி நிறுத்தினார். "எனக்கு... அண்ணன்..."

"அண்ணன்கூட இருக்கணும்னு சொல்றாங்க" என்றார் டாக்டர்.

"எனக்கு... அண்ணன் மேல..."

"கோவமாம். அம்மா செத்ததுலேர்ந்தே அதுக்கு என்மேல கோவம் மேடம்" என்றார் குமரேசன் சுவரோரத்திலிருந்து, கண் கலங்க.

மறுபடியும் "எனக்கு". நெற்றியில் வேர்வை வழிந்தது. கை ஒன்று தானாக எழும்பி வீல் சேரின் கைப்பிடியில் போய் இடித்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அப்போது சார் செய்தது இவ்வளவுதான். தன் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றி மறுபடி இறுக மூடினார். டக்கென்று ஒரு சத்தம். அதை எதிரில் இருந்த காகிதத்தின் மேல் குறுக்காக வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு மலர்க்கொடியைப் பார்த்தார். அந்தச் சத்தத்துக்குக் கலெக்டர் திரும்பினார். சாரைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், மலர்க்கொடியைப் பார்த்தார். கெட்டிக்காரப் பெண். தன் பேனாவையும் மூடி வைத்தார்.

"இனிமே நான் சொல்ற வரைக்கும் யாரும் பேசக் கூடாது. நீங்க சொல்லுங்க மலர்க்கொடி. எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல."

அறையில் ஃபேன் சத்தம் மட்டும்தான். வாசலில் தபேதார்கூட மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"எனக்கு அண்ணன் மேல கோவம் இல்ல. அண்ணன் பாவம். ஆனா எனக்குப் பதிலா அது பேச வாணாம். நான் எங்கயும் போவ மாட்டேன். என் வூட்ல இருப்பேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, டாக்டர் பக்கம் கழுத்தைத் திருப்பினார். "அது பேனா."

டாக்டர் சிவந்துபோனார். கலெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த கேள்வி கேட்டார். "தனியா இருக்கும்போது உடம்புக்கு முடியாமப் போனா என்ன செய்வீங்க?"

மலர்க்கொடி மடியில் இருந்த போனை மணிக்கட்டால் தள்ளி நேராக்கினார். குனிந்து, முகவாயால் அழுத்தினார். ஒரு முறை தவறியது. யாரும் உதவிக்குப் போகவில்லை. அந்த அறை அதற்குள் பாடம் படித்துவிட்டிருந்தது. இரண்டாவது முறை அழுத்தினார்.

வெளியே வராந்தாவில் நாதஸ்வரமும் மேளமும் கொட்டி முழங்கின. அஞ்சலையின் போன். அடுத்த நொடி அந்த அம்மாளின் குரல் கதவைத் தாண்டி வந்தது. "சொல்லு மலரு! முடிஞ்சிடுச்சா? இன்னாடி இவ்ளோ நேரமா உக்கார வெச்சிக்கினு இருக்காங்க? பசிக்குது, ஜல்தி வா!"

அறை முழுக்கச் சிரித்தது. கலெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மலர்க்கொடி சிரிக்கும்போது உடம்பு முழுக்கச் சிரித்தது, வீல் சேரே ஆடியது.

பாதுகாவலர் தேவையில்லை என்று உத்தரவானது. வேறு என்ன உதவி வேண்டும் என்று கலெக்டர் மலர்க்கொடியையே கேட்டார். வாசலில் ஒரு சாய்தளம், நல்ல வீல் சேர் என்று இரண்டே இரண்டு கேட்டார். இரண்டும் வந்தன. குமரேசன் வெளியே வந்ததும் தங்கையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "ஏன் மலரு, இதெல்லாம் எங்கிட்ட சொல்லக் கூடாதா?" என்றார். "சொன்னேன்" என்றார் மலர்க்கொடி. அண்ணன் தங்கையின் தலையைத் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வாராவாரம் பாண்டியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஜீப்பில் திரும்பும்போது சாரிடம், "சார், இன்னிக்கு ஜெயிச்சுட்டோம்" என்றேன். "நாம என்னம்மா பண்ணோம், சும்மா உக்காந்திருந்தோம்" என்றார். பிறகு, அவருக்குப் பழக்கமே இல்லாத காரியமாக, "சேரைத் தள்ளிப் போட்டீங்களே, அது நல்ல வேலை" என்றார். என் சர்வீசில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. விருது வாங்கியவர்கள் வைத்துக்கொள்ளட்டும், எனக்கு இது போதும்.

சார் ஓய்வு பெற்றார். அடுத்தடுத்து வேறு அலுவலர்கள் வந்தார்கள். நாற்காலி மட்டும் அப்படியே இருந்தது. நான் இருக்க விட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நடந்த ஒன்றையும் சொல்லி முடிக்கிறேன். எங்கள் தெருவில் ரெபேக்கா என்று ஒரு பெண் இருக்கிறாள். அறிவு வளர்ச்சி கொஞ்சம் மெதுவான பெண். மெழுகுவர்த்தி செய்யும் பயிற்சிக்குப் போகிறாள். அவளுடைய அம்மா பாதுகாவலராக மனுப் போட்டிருந்தார். விசாரணை நாளில் அம்மாவுக்குக் காய்ச்சல். "சௌந்தரிக்கா, நீங்க இட்டுக்கினு போங்கக்கா, உங்களுக்குத்தான் அங்க எல்லாம் தெரியும்" என்றார். போன வாரம் ரெபேக்காவை அழைத்துக்கொண்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன்.

முதலில் அலுவலகத்தில் எட்டிப் பார்த்தேன். புது ஸ்டீல் சேர்கள் சுவரோரம் வரிசையாக இருந்தன. மேசைக்கு முன்னால் பழைய மரநாற்காலி ஒன்று மட்டும். தமிழரசி என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். நான் எழுதி முடிக்கும் முன்பே ஆபீசர் எப்படி மனம் மாறினார் என்று எனக்குப் புரியவில்லை.

கூட்ட அறைக்குள் போனதும், அவருக்கு எடுத்துச் சொன்னது யார் என்று புரிந்தது. குழுவில் மாற்றுத்திறனாளி உறுப்பினருக்கான இடத்தில் வீல் சேரில் உட்கார்ந்திருந்தவர் மலர்க்கொடி. தலையில் லேசாக நரை. முன்னால் பெயர்ப்பலகை. தமிழரசி, கள்ளி, இதை என்னிடம் சொல்லவே இல்லை. மலர்க்கொடி என்னைப் பார்த்துவிட்டார். உடம்பு முழுக்கச் சிரிக்கிற அதே சிரிப்பு.

ரெபேக்காவை முன் நாற்காலியில் உட்கார வைத்தேன். கால் வலிக்கிறதே என்று பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு நானும் உட்கார்ந்துகொண்டேன். பழைய ஸ்டாஃப் என்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. புதுக் கலெக்டர் ரெபேக்காவைப் பார்த்து, "யாரு கூட இருக்கணும்னு ஆசைப்படறே? உனக்கு என்னம்மா வேணும்?" என்று அன்பாகத்தான் கேட்டார். ரெபேக்கா துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள்.

"அவளுக்கு அம்மாகூட இருந்தாப் போதுங்க சார், வேற ஒண்ணும்..." என்றேன் நான்.

"மேடம்" என்று ஒரு குரல் இழுத்து இழுத்து வந்தது. எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். அந்த அறையில் யாரும் இப்போது அந்தக் குரலை முந்துவதில்லை என்று தெரிந்தது. "மேடம்... நீங்க... கூட வந்தவங்க."

சுவரோரத்தில் இருந்த மெத்தை நாற்காலியை முகவாயால் சுட்டிக் காட்டினார் மலர்க்கொடி.

நான் எழுந்தேன். காலிப்பர் சத்தம் அறை முழுக்கக் கேட்க நடந்து போய்ச் சுவரோரம் உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் யாரும் என்னை அவ்வளவு மரியாதையாக ஓரங்கட்டியதில்லை. கண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

மலர்க்கொடி எதிரில் இருந்த தன் போனைக் கவிழ்த்து வைத்தார். ரெபேக்காவைப் பார்த்துத் தலையசைத்தார்.

"எனக்கு..." என்று ரெபேக்கா ஆரம்பித்தாள்.

யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.